பதினேழு வயது மகளை டிராக் ரேஸுக்கு அனுப்பலாமா?

எடிசன் அப்பா:
நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் இருக்கிறோம். நானும் என் மகளும் சேர்ந்து 1972 செவ்ரோலெட் நோவா ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். வாங்கும்போது 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், தரையில் ஓட்டை, ஃபெண்டர் முழுக்கத் துரு. இப்போது 350 வி8, ஆட்டோமேட்டிக் கியர், முன்னால் டிஸ்க் பிரேக். அவளுக்கு 17 முடிந்து புரொபேஷனரி லைசென்ஸும் வந்துவிட்டது. கோடையில் கிரேட் மெடோஸ் ஊரில் இருக்கும் ஐலண்ட் டிராக்வேயில், இரண்டிரண்டு கார்களாக நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸில், கால் மைல் ஓட்டப்போகிறாள். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "பெண் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா?" என்று மாமனார் கேட்டே விட்டார். இங்கே கார் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். நான் செய்வது தப்பா, சொல்லுங்கள்.

பழைய இரும்பு:
தப்புதான், ஆனால் உங்கள் மாமனார் சொல்லும் காரணத்துக்காக இல்லை. 68 முதல் 72 வரை வந்த அந்த நோவாவின் உடம்பு அவ்வளவு அழகு. 73இல் பெரிய பம்பரை மாட்டிக் கெடுத்தார்கள். ஆறு சிலிண்டர் நோவா கிடைத்தால் உடனே எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு வி8 ஏற்றுவதுதான் எல்லோரும் செய்வது. அன்றைக்குப் பள்ளிக்கூட ஆசிரியரும் தபால்காரரும் ஓட்டிய சாதா நோவா எப்படி இருந்தது என்று காட்ட நாளைக்கு ஒன்றுகூட மிஞ்சாது. மகளுக்குக் கற்றுக்கொடுப்பதென்றால் இருந்ததை இருந்தபடி மீட்கக் கற்றுக்கொடுங்கள். அது இன்னும் கஷ்டமான வேலை.

எடிசன் அப்பா:
ஐயா, அந்த எஞ்சினின் பிளாக்கே விரிசல் விட்டிருந்தது. மீட்க அதில் ஒன்றுமில்லை.

அவசர சிகிச்சை:
நான் பென்சில்வேனியாவில் எமர்ஜென்ஸி நர்ஸ். எஞ்சின் ஆறா எட்டா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஜூன் 2008, எங்கிலிஷ்டவுன் டிராக். உங்கள் எடிசனிலிருந்து தொட்டுவிடும் தூரம். ரேஸர் ஸ்காட் கலிட்டா ஓட்டியது ஃபன்னி கார், டிராக் ரேஸின் அதிவேக வகுப்புகளில் ஒன்று. முடிவுக் கோட்டை நெருங்கும்போது அதன் எஞ்சின் வெடித்தது. கார் நிற்காமல், காரை நிறுத்தவென்றே இருக்கும் மணல் குழியையும் தாண்டிப் போய் மோதி அவர் இறந்தார். அவருடைய அப்பா கானி கலிட்டா பழைய சாம்பியன், மகன் ஓட்டிய அணியும் அவருடையதுதான். 2024 ஜூனில் வர்ஜீனியாவில் ஜான் ஃபோர்ஸ் மோதி மூளையில் அடிபட்டது. 16 முறை சாம்பியன் ஆனவர் அவர். உலகத்திலேயே இந்த வேலையை நன்றாகத் தெரிந்த குடும்பங்களுக்கே இந்தக் கதி என்றால், லைசென்ஸ் வாங்கிய கையோடு போகும் பிள்ளைக்கு?

ரெட்லைட்:
அக்கா, நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் அவை நைட்ரோமீத்தேன் குடிக்கும் கார்கள். 10,000 குதிரைத்திறனுக்கு மேல், மணிக்கு 300 மைலுக்கு மேல். ஸ்காட் இறந்த பிறகு அந்த வகுப்புகளின் ஓட்டத்தை 1,320 அடியிலிருந்து, அதாவது கால் மைலிலிருந்து, 1,000 அடியாக அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. குறைத்துவிட்டது. இந்த நோவா 14 வினாடியில் 100 மைல் வேகத்தைத் தொட்டாலே பெரிது. நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் தினமும் அதற்குக் கொஞ்சம் கீழேதான் போகிறார்கள், அதுவும் பக்கத்தில் லாரியை வைத்துக்கொண்டு.

இன்னொன்று, அவள் ஓட்டப்போவது பிராக்கெட் ரேஸாகத்தான் இருக்கும். யார் வேகம் என்பதல்ல அங்கே போட்டி. உங்கள் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று நீங்களே கணித்துக் கண்ணாடியில் ஷூ பாலிஷால் எழுத வேண்டும். நீங்கள் 14.10, எதிராளி 12.10 என்றால் உங்களுக்கு 2 வினாடி முன்பே பச்சை விழும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் பெரும்பாலும் தோல்விதான். மூன்று மஞ்சள் விளக்கு அரை வினாடி இடைவெளியில் எரியும், கடைசி மஞ்சளைப் பார்த்துக் காலை அழுத்த வேண்டும். கண் சிமிட்டும் நேரம் முந்தினாலும் சிவப்பு, ஆட்டம் முடிந்தது. காற்று சூடானால் கார் மெதுவாகும், எழுதிய எண்ணை மாற்ற வேண்டும். பதற்றம் இல்லாத பிள்ளைதான் இதில் ஜெயிக்கும். பெரிய எஞ்சின் வைத்திருக்கும் அப்பாவை சின்ன எஞ்சின் வைத்திருக்கும் மகள் தோற்கடிப்பதை வாராவாரம் பார்க்கிறேன்.

நீங்கள் 2008ஐச் சொன்னதால் சொல்கிறேன். அதே வருடம் ஏப்ரலில், அட்லாண்டா இறுதிப் போட்டியில் ஆஷ்லி ஃபோர்ஸ் தன் அப்பா ஜானைத்தான் தோற்கடித்தார். என்.எச்.ஆர்.ஏ. ஃபன்னி கார் வகுப்பில் ஒரு பெண் ஜெயித்தது அதுவே முதல் முறை.

அவசர சிகிச்சை:
100 மைல் வேகத்தை இவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள். 72 காரில் ஏர்பேக் கிடையாது. மோதினால் நசுங்கி அடியைத் தாங்கிக்கொள்ளும் முன்பகுதி இன்றைய கார்களில் இருப்பதுபோல் அதில் இல்லை. என்.எச்.ஆர்.ஏ. விதிப்புத்தகத்தை நானும் பார்த்தேன். கால் மைலை 13.99 வினாடியிலோ அதைவிட வேகமாகவோ ஓடினால்தான் ஹெல்மெட் கட்டாயம், 11.49க்கு வந்தால்தான் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் குழாய்), 9.99 என்றால்தான் தனி லைசென்ஸ். அப்படியென்றால் 14.10 ஓடும் இந்தப் பெண்ணிடம் ஹெல்மெட்கூடக் கேட்கமாட்டார்கள். விதி கேட்பது ஆகக் குறைந்தது. அதையே போதும் என்று எடுத்துக்கொண்டால் எங்கள் வார்டில்தான் சந்திப்போம்.

எடிசன் அப்பா:
ஹெல்மெட் இல்லாமல் அவள் ஸ்டார்ட் செய்யவே மாட்டாள். அது எங்கள் வீட்டு விதி. ரோல் பாரும் கட்டாயமில்லைதான், இருந்தும் போடப்போகிறோம்.

கோவை பட்டறை:
எனக்குக் கார் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லீங்க, சந்தேகம் உங்கள் பேரில்தான். சோழவரத்தில் பழைய யுத்தகால ஓடுபாதையில் ஃபியட் ஓடியதைப் பார்த்து வளர்ந்த எத்தனையோ அப்பாக்களை எனக்குத் தெரியும். தனக்குக் கிடைக்காததைப் பிள்ளை கையில் திணிப்பார்கள். பிள்ளையும் அப்பா முகத்துக்காகத் தலையாட்டும். டாக்டராகச் சொல்லித் திணிப்பதும் ரேஸ் ஓட்டச் சொல்லித் திணிப்பதும் ஒன்றுதான். அவள் கேட்டாளா, நீங்கள் கொடுத்தீர்களா?

எடிசன் அப்பா:
நியாயமான கேள்வி, அண்ணா. கார் வாங்கியது என் ஆசை, மறைக்கவில்லை. ரேஸ் என்பது அவள் வாயிலிருந்து வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஓட்டிப்போகும் காராக வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வால்வு அட்ஜஸ்ட் செய்யும்போது ராக்கர் நட்டை இறுக்கிக்கொண்டே, வால்வை இயக்கும் புஷ்ராட் கம்பியை இரண்டு விரலில் உருட்ட வேண்டும். மேலும் கீழுமான ஆட்டம் நின்று, உருட்டும் விரலுக்கு லேசாகப் பிடிப்புத் தெரியும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து அரைச் சுற்று இறுக்கி விட்டுவிட வேண்டும். எனக்கு அந்த இடம் பிடிபடவே இல்லை, ஒவ்வொரு முறையும் தாண்டிவிடுவேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தன் பக்கத்து 8 வால்வையும் முடித்தாள். அப்புறம் என் பக்கம் நான் செய்து வைத்திருந்ததை எல்லாம் தளர்த்தி மறுபடி செய்தாள். யாருக்காகவோ தலையாட்டும் பிள்ளை அப்படிச் செய்யுமா?

கோவை பட்டறை:
செய்யாது. கட்டுவது அவளுக்குப் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டுவது வேறு. என் பட்டறையிலும் எஞ்சின் என்றால் உயிரை விடுகிற பையன்கள் உண்டு, ரேஸ் ஓட்டச் சொன்னால் ஓடிவிடுவார்கள். முதல் நாள் அங்கே போய் "இன்றைக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னால் முகம் சுளிக்காமல் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு திரும்புவீர்களா? அதற்குத் தயாரென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ரெட்லைட்:
இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கிலிஷ்டவுனில் 2018இலேயே டிராக் ரேஸை நிறுத்திவிட்டார்கள். அட்கோ டிராக்கும் 2023இல் போய்விட்டது. இந்த மாநிலப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி ஓட்ட மிஞ்சியிருக்கும் இடம் குறைவு. டிராக்கை மூடினால் வேகம் தெருவுக்குத்தான் வரும். அங்கே ஓட்டத்துக்கு முன் காரைச் சரிபார்க்கும் டெக் பரிசோதனை கிடையாது, ஆம்புலன்ஸ் காத்திருக்காது. டிராக்கில் கார்புரேட்டர் த்ராட்டிலை நேரே இழுத்து மூடும் ஸ்பிரிங் இருக்கிறதா என்பதைக்கூட விரல் வைத்துப் பார்ப்பார்கள்.

அவசர சிகிச்சை:
தம்பி, இந்த வாதத்தை எல்லோரும் சொல்கிறார்கள், இந்தப் பெண்ணுக்கு இது பொருந்தாது. அவள் தெருவில் ரேஸ் ஓட்டுகிறவளா? இல்லை. டிராக்குக்குப் போகாவிட்டால் வீட்டில்தான் இருப்பாள். அப்படியானால் நீங்கள் ஆபத்தைக் குறைக்கவில்லை, புதிதாகச் சேர்க்கிறீர்கள். சேர்க்கலாம், பெற்றோரின் உரிமை அது. ஆனால் பாதுகாப்பு என்று அதற்குப் பேர் வைக்காதீர்கள்.

எடிசன் அப்பாவிடம் ஒரு கேள்வி. ரோல் பார் போட்ட இந்தக் காரில்தான் பள்ளிக்கும் போவாளா?

எடிசன் அப்பா:
தினமும் இல்லை. எப்போதாவது வெள்ளிக்கிழமை எடுத்துப் போகலாம் என்று பேசியிருக்கிறோம்.

அவசர சிகிச்சை:
அதைத்தான் பயந்தேன். டிராக்கில் ஹெல்மெட் இருக்கும், அந்த இரும்புக் குழாய் உயிரைக் காக்கும். சாலையில் ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் அதே குழாய் இருந்தால், பின்னால் ஒருவன் வந்து இடித்தாலே மண்டை போய் அதில் மோதும். மேலே பஞ்சு சுற்றினாலும் வெறும் தலைக்குப் போதாது.

ரெட்லைட்:
இதில் அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் கிளப்பிலும் இதையேதான் சொல்வோம். ஒன்று தெருக் கார், இல்லாவிட்டால் ரேஸ் கார். 14 வினாடிக்கு பார் வேண்டாம் என்று விட்டுவிட்டு நல்ல மூன்று முனை பெல்ட் போடுங்கள், இல்லையென்றால் பாரைப் போட்டு ட்ரெய்லரில் மட்டும் கொண்டுபோங்கள். ஐந்து முனை பெல்ட் பழையது மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். முத்திரையில் இருக்கும் தேதியிலிருந்து 2 வருடம்தான் அதற்குக் கணக்கு.

எடிசன் அப்பா:
நேற்று இரவு இந்தப் பக்கத்தை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பார் வேண்டும், பள்ளிக்கு வேண்டாம் என்றாள். ட்ரெய்லர் வாடகைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோவை அண்ணா கேட்டதற்கும் பதில்: திரும்பி வரத் தயார், அவளிடமும் சொல்லிவிட்டேன்.

அவசர சிகிச்சை:
இப்போதும் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஆனால் அவள் படித்து முடிவெடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. கழுத்துக்குப் பட்டை மறக்காதீர்கள்.

பழைய இரும்பு:
விரிசல் விட்ட அந்த 250இன் பிளாக் போகட்டும். மேனிஃபோல்டும் ஒற்றை பேரல் கார்புரேட்டரும் ஏர் கிளீனரும் இன்னும் கராஜில் கிடந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். இங்கே ஒரு 71 நோவாவுக்கு அதைத்தான் தேடுகிறேன், அனுப்பும் செலவு என்னுடையது.