பொருள்: டிபென்டன்சி இன்ஜெக்ஷன் – ‘சார்பொருள் ஊட்டல்’ எனலாமா?

> ‘சார்பு உட்செலுத்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் ஐயா. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம். நிரலின் ஒரு பகுதிக்குத் தேவையான பொருளை அதுவே உருவாக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து கொடுப்பதுதான் டிபென்டன்சி இன்ஜெக்ஷன். அதற்கான தமிழ்ச் சொல் பற்றியது இது.

‘சார்பு’ இங்கே இடிக்கும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. அங்கே சார்பு என்றால் ஃபங்ஷன். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷனை அனுப்புவது அன்றாட வேலை. படிக்கிற மாணவர் அதைத்தான் நினைப்பார்.

என் பரிந்துரை ‘சார்பொருள்’. நாம் குடிக்கும் நீர் குடிநீர். நிரல் சாரும் பொருள் சார்பொருள். வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. ஆப்ஜெக்டை (தரவும் செயலும் சேர்ந்த நிரல் கூறு) ‘பொருள்’ என்றுதான் ஏற்கெனவே எழுதிவருகிறோம். உள்ளே வந்து சேர்வதும் பெரும்பாலும் ஓர் ஆப்ஜெக்ட்தான்.

> இன்ஜெக்ஷனுக்கு உட்செலுத்தல் போதாதா?

ஆங்கிலப் பெயரே வேலையைப் பார்த்து வைத்ததுதான். முன்பு ‘இன்வெர்ஷன் ஆஃப் கன்ட்ரோல்’ (கட்டுப்பாட்டைத் தலைகீழாக்கல்) என்று சொல்லிவந்தார்கள். அது மிகப் பொதுவான பெயர் என்பதால் 2004இல் மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபௌலர் தம் கட்டுரையில் ‘டிபென்டன்சி இன்ஜெக்ஷன்’ என்ற பெயரை முன்வைத்தார். நாமும் நடப்பதைப் பார்ப்போம். ஆங்குலர்ஜேஎஸ் என்பது வலைச்செயலிகள் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் சட்டகம். அதில் கன்ட்ரோலருக்கு (பக்கத்தை இயக்கும் ஃபங்ஷன்) எச்டிடிபி சேவை (சர்வரிடம் தரவு கேட்பது) வேண்டுமென்றால், ‘டாலர் எச்டிடிபி’ என்று அளபுருவின் (ஃபங்ஷன் பெறும் உள்ளீடு) பெயராக எழுதுகிறோம். இன்ஜெக்டர் அந்த ஃபங்ஷனையே டுஸ்ட்ரிங் கொண்டு எழுத்தாக மாற்றி, அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரைப் படித்து, அந்தப் பெயரில் பதிவான பொருளை எடுத்துக் கொடுக்கிறது. மினிஃபை செய்து (கோப்பைச் சிறிதாக்கப் பெயர்களைச் சுருக்கி) பெயர் வெறும் ‘ஏ’ ஆகிவிட்டால் ‘அன்னோன் புரொவைடர்’ (அந்தப் பெயரில் வழங்குபவர் இல்லை) என்று நின்றுவிடுவது இதனால்தான். பெயர்களைச் சரங்களாக (மேற்கோள் குறிக்குள் எழுதிய எழுத்துகளாக) ஓர் அணியில் (வரிசைப் பட்டியலில்) இட்டு, கடைசியில் ஃபங்ஷனை வைத்தால் தப்பிக்கலாம். மினிஃபயர் சரத்தின் உள்ளடக்கத்தைத் தொடாது.

ஆக, இங்கே கேட்டது கிடைக்கிறது. எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் என்ற தரவுத்தளத் தாக்குதலில் கேட்காததை வெளியாள் நுழைக்கிறான். ‘உட்செலுத்தல்’ அந்தத் தாக்குதலுக்கே இருக்கட்டும்.

‘வழங்கல்’ என்றும் யோசித்தேன். சர்வரைப் பலர் ‘வழங்கி’ என்று எழுதுகிறார்கள். தவிர, புரொவைடருக்கு ‘வழங்குநர்’ தேவைப்படும். ‘ஊட்டல்’ நன்றாக நிற்கிறது: நினைவூட்டல், செறிவூட்டல் எல்லாம் நாம் பழகிய வடிவங்கள். இன்ஜெக்டர் ‘சார்பொருளூட்டி’ ஆகும். நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. ‘சோதனையில் உண்மையான எச்டிடிபி சேவைக்குப் பதிலாகப் போலிச் சார்பொருளை ஊட்டினோம்’ என்று எழுதிப் பார்த்தேன், இடறாமல் ஓடுகிறது.

மாட்யூலுக்கான (நிரலின் பகுதிகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) சொல்லில்தான் இன்னும் மனம் ஒப்பவில்லை. புது மாட்யூலை உருவாக்கும்போது இரண்டாவது அளபுருவாகத் தருகிற பட்டியலில் வேறு மாட்யூல்களின் பெயர்கள் வரும். அவையும் சார்ந்திருப்பவைதான், ஆனால் அங்கே ஊட்டல் இல்லை, ஏற்றுவது மட்டுமே. ‘தொகுதி’ என்று கொண்டால் அவற்றைச் ‘சார்தொகுதிகள்’ எனலாம். இலங்கையில் மாட்யூலுக்கு எந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது என்று அங்குள்ள நண்பர்கள் எழுதினால், அதையும் வைத்து முடிவுசெய்யலாம்.

அன்புடன்.