சர்ச்சில் ஊரை வாழவைத்தது ராணுவமா?

பனிக்காடன்:
கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் ஹட்சன் விரிகுடா ஓரமாக இருக்கிறது சர்ச்சில். வெளியிலிருந்து போகச் சாலையே கிடையாது. ரயில், விமானம், கோடையில் கப்பல், அவ்வளவுதான். பனிக்கரடி பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் விமான நிலையம் 1942ல் அமெரிக்க ராணுவம் அமைத்த தளம். போருக்கு அப்புறம் இரண்டு நாட்டுப் படைகளும் அங்கே குளிரில் பயிற்சி எடுத்தன. 1957லிருந்து துருவ ஒளியை ஆராய ராக்கெட் விட்டார்கள். ஊருக்குள் நுழையும் கரடிகளை அடைப்பதுகூடப் பழைய ராணுவக் கட்டடத்தில்தான். ராணுவம் வராவிட்டால் இந்த ஊர் எப்போதோ காலியாகியிருக்கும்.

துறைமுகவாசி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. ரயில் 1929லேயே வந்துவிட்டது, துறைமுகம் 1931ல். கோதுமையைக் கப்பலேற்றத்தான் அந்த ஊரே. படை கிளம்பிப் போய்விட்டது, ஊர் இருக்கிறதே!

பனிக்காடன்:
2017 மே மாத வெள்ளம் தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போனது. 2018 கடைசிவரை ரயில் இல்லை. பாலும் காய்கறியும் எங்கே வந்து இறங்கின? அந்த ஓடுதளத்தில்தான்.

ஏரிக்கரை:
இரண்டு பேருமே சயிசி டெனே என்ற பூர்வகுடி மக்களை விட்டுவிட்டீர்கள். கரிபூ மான் கூட்டத்தை நம்பி வாழ்ந்தவர்கள். மான்களை அளவுக்கு மீறிக் கொல்கிறார்கள் என்று சொல்லி, 1956ல் அரசு அவர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து சர்ச்சிலில் விட்டது. வேட்டைக்கு மான் இல்லை, ஒழுங்கான வீடு இல்லை. குப்பைமேட்டில் சாப்பாடு தேடினார்கள். குளிர், நோய், தீ விபத்து, குடி, அடிதடி என்று இருபது வருடத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேர் செத்துப்போனார்கள்.

பனிக்காடன்:
படிக்கவே மனசு கனக்கிறது. ஆனால் அந்த முடிவை எடுத்தது பூர்வகுடிகளுக்கான அரசுத் துறை. ராணுவத்தின் தலையில் கட்டலாமா?

ஏரிக்கரை:
சிப்பாய்கள்மேல் நான் பழி போடவில்லை. ஊரை வாழவைத்தது யார் என்று கேட்டீர்கள். அதே ஊரில், அதே வருடங்களில் யார் செத்தார்கள் என்பதை விட்டுவிட்டு அதற்கு எப்படிப் பதில் சொல்வது? நீங்கள் சொன்ன ராக்கெட் வேலை தொடங்கியது அவர்களைக் கொண்டுவந்து விட்டதற்கு அடுத்த வருடம். ராக்கெட்டுக்குப் பணம் இருந்தது, வீட்டுக்கு இல்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2016ல், இழப்பீடு 3.36 கோடி டாலர். அதற்கெல்லாம் காத்திருக்காமல் 1973லேயே அவர்கள் தாங்களாகக் கிளம்பி, கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளி, டாடூல் ஏரிக்கரையில் ஊர் அமைத்துக்கொண்டார்கள். அங்கே மான் வரும்.