"மேல கொடுக்கணும்"னு சொல்லி வாங்கின பணம்

காவிரிக்கரைப் பொண்ணு:

2014-ல நடந்தது. இத்தனை வருஷமா வீட்டுக்கு வெளியே யார்கிட்டயும் சொன்னதில்லை. டிப்ளமோ முடிச்சுட்டு ஒரு அரசுத் துறை வேலைக்கு விண்ணப்பிச்சிருந்தேன். நேர்முகத்துக்குக் கடிதம் வந்த மறுநாளே, அதே துறையில ஓய்வுபெற்ற ஒருத்தர் வீட்டுக்கு வந்துட்டார். "இந்தப் போஸ்டுக்கு மூன்றரை லட்சம் ஓடுது. அமைச்சர் வரைக்கும் போகணும். எனக்குன்னு ஒரு பைசா வேண்டாம்"னார்.

அப்பா ரெண்டு மா நஞ்சையை வித்தார். மஞ்சப்பையில பணத்தை வைக்கும்போது எத்தனை கட்டு, எந்த நோட்டுன்னு பால் கணக்கு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டார். ரசீதா கேக்க முடியும்?

நேர்முகத்துல சான்றிதழைப் பார்த்தாங்க, ஊர் எதுன்னு கேட்டாங்க. ரெண்டு நிமிஷம்தான். வெளியில வந்து எனக்கு முன்னாடி போன பையன்கிட்ட பேசினப்போ, அவங்க வீட்டுலயும் அதே ஆள்கிட்ட கொடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சது. லிஸ்ட்ல அவன் பேர் வந்தது, என் பேர் வரல. அப்பா அந்த ஆள் வீட்டுத் திண்ணையில போய் உக்காந்த நாளுக்குக் கணக்கில்லை. "மேல போன பணம், இறங்கி வர நாளாகும்"னே சொல்லிக்கிட்டிருந்தார். ஐயாயிரம், பத்தாயிரம்னு மொத்தம் 80,000 திரும்பி வந்தது.

இப்போ யோசிச்சா வயிறு எரியுது. அவர் யார்கிட்டயும் கொடுக்காமலே இருந்திருக்கலாம். பத்துப் பேர்கிட்ட வாங்கினா ரெண்டு பேருக்குத் தானாவே கிடைச்சிடும். கிடைச்சவங்க கும்பிடுவாங்க, கிடைக்காதவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. போலீசுக்குப் போகலாம்னு சொன்னேன். "கொடுத்தவனையும் சேர்த்துத்தான் உள்ள வைப்பான்"னு அப்பா பேச்சை முடிச்சுட்டார். உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

அம்மா, எல்லாப் பணமும் நடுவிலேயே நின்றுவிடுவதில்லை. 31 வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவன் சொல்கிறேன். கோப்பைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. போன் வரும். அல்லது ஒருவர் துண்டுச்சீட்டோடு வந்து நிற்பார். அதில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருக்கும். வேலை முடிந்ததும் சீட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆணையில் கையெழுத்துப் போட்டவர் எங்கள் அதிகாரி, சொன்னவர் பெயர் எங்குமே இராது.

ஒருமுறை ஓர் அதிகாரி, "எழுத்தில் கொடுங்கள், செய்கிறேன்" என்றார். வாய்மொழி உத்தரவை எழுத்தில் பதிய வேண்டும் என்று 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததை அவர் அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். மூன்று வாரத்தில் அவருக்கு மாறுதல் வந்தது. விடுவிப்பு ஆணையைத் தயாரித்து, இனிஷியல் போட்டு அவர் முன்னால் வைத்தவன் நான். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார். அன்று நானும் ஒன்றும் பேசவில்லை. இன்று வரை அது உறுத்துகிறது.

பெயர் வேண்டாம்:

நாங்களும் கொடுத்தோம். கிடைச்சது. புது ஆள் யார் சேர்ந்தாலும், இவர் எவ்வளவு கொடுத்திருப்பார்னுதான் முதல்ல மனசு கணக்குப் போடுது. என்னால வெளியே நின்னது யாருன்னு தெரியாது. அக்கா, அது நீங்களா இருந்தா மன்னிச்சிடுங்க.

மதுரை வக்கீல்:

சகோதரி, அப்பாவின் பயம் வெறும் பயமில்லை. 2018 ஜூலையில் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 8-ஆவது பிரிவின்படி லஞ்சம் கொடுப்பதே நேரடிக் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் மட்டும் விலக்கு உண்டு. உங்கள் விஷயம் அதற்கு முந்தையது, பழைய சட்டத்தில் பார்க்க வேண்டும். ஆனால் வேலைக்காகத் தேடிப்போய்க் கொடுத்ததைக் கட்டாயம் என்று நிரூபிப்பது அன்றும் இன்றும் கஷ்டம்.

போக்குவரத்துத் துறை வழக்கைப் பாருங்கள். 2011 முதல் 2015 வரை அத்துறை அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி, ஓட்டுநர், நடத்துநர் முதலிய வேலைகளுக்குப் பணம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுக்கிறார், இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பணம் கொடுத்தவர்கள் சமரசம் செய்துகொண்டார்கள் என்று 2021-ல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. 2022 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. ஊழல் என்பது இரண்டு பேருக்குள் பேசித் தீர்க்கிற கடன் தகராறு இல்லை, தகுதி இருந்தும் வேலை கிடைக்காதவனும் பாதிக்கப்பட்டவன்தான் என்ற நிலை அதனால்தான் நின்றது. 2023 ஜூனில் அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தது. 2024 செப்டம்பரில் ஜாமீன் கிடைத்தது.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். அந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2,000 பேருக்கும் மேல். பணம் கொடுத்ததாகச் சொல்லப்படும் குடும்பங்களும் அதில் அடக்கம். நிலத்தை விற்றவன் சாட்சிக் கூண்டில் நின்று உண்மையைச் சொல்ல வேண்டியவன். அவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மேலே இருப்பவர்களைப் பற்றி யார் பேசுவார்? இத்தனை பேரை விசாரித்து முடிக்க எத்தனை வருடமாகும்?

அந்தப் பால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரும்பி வந்த 80,000 வங்கி வழியாக வந்ததா, கையில் வந்ததா?

காவிரிக்கரைப் பொண்ணு:

சார், நாலு தடவை அப்பா கணக்குல போட்டிருக்கார், மீதி கையில. பாஸ்புக் இருக்கு. நீங்க எழுதினதை நேத்து ராத்திரி அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அவன் என்கிட்ட வாங்கினதுக்குச் சாட்சி இருக்கு. அவன் யார்கிட்ட கொடுத்தான்னு யார் கேப்பாங்க?"ன்னார். காலையில பார்த்தா பாஸ்புக்கும் நோட்டும் என் மேஜை மேல இருந்தது. நீங்க சொல்ற நாள்ல அப்பாவையும் கூட்டிக்கிட்டு மதுரைக்கு வர்றேன்.