எஸ்2000: பின்னால் 255 டயர் என்றால் முன்னால் என்ன?

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2006 ஹோண்டா எஸ்2000 கார். கம்பெனி டயர் அளவு முன்னால் 215/45 ஆர்17 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், வீல் விட்டம் 17 அங்குலம்), பின்னால் 245/40 ஆர்17. நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. வீல்களை மாற்றும் எண்ணம் இல்லை. வீல் அகலம் முன்னால் 7 அங்குலம், பின்னால் 8.5.

பின்னால் 255/40 போடு, பிடிப்பு கூடும் என்கிறார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது பின்டயரின் விட்டம் முன்டயரைவிட 2.5 மி.மீ. மட்டுமே அதிகம். பின்னால் மட்டும் 255 போட்டால் அது 10.5 மி.மீ. ஆகிவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது என்பதால் இது உறுத்துகிறது. முன்னால் 225/45 போட்டால் வித்தியாசம் 1.5 மி.மீ.க்கு இறங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் சுமார் ஒன்றே கால் சதவீதம் குறைத்துக் காட்டும், பரவாயில்லை.

நான்கிலும் 245 போடும் யோசனை வேண்டாம். 7 அங்குல வீலுக்கு அது அதிகம். முன்பிடிப்பு கூடினால் வளைவில் பின்பக்கம் விலகும்.

225/45, 255/40 ஜோடியைக் கம்பெனி வீலில் ஓட்டியவர்கள் யாராவது உண்டா? ஸ்டீயரிங் மந்தமாகிறதா? முழுதாகத் திருப்பும்போது உள்ளே உரசுகிறதா? சஸ்பென்ஷனைத் தாழ்த்தவில்லை. அப்புறம், மழையில் 255 எப்படி?