புதுப்பிப்பு: அக்கா மகளின் விருது விண்ணப்பம்

ரேஷன் கடைத் திண்ணையில் மாலை நூலகம் நடத்தும் அக்கா மகளுக்கு எந்த விருதுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலரும் சொன்னது, ஒன்றிய அரசு சிறுவர்களுக்குத் தரும் பிரதமரின் ராஷ்டிரிய பால புரஸ்கார் விருது. சமூக சேவைக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. வேறொருவர் பரிந்துரைக்கலாம், தானாகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜூலை 31 அன்று பதினெட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு ஜூன் மாதமே பத்தொன்பது தொடங்கிவிட்டது. தேதியைப் பார்க்காமல் துள்ளியது என் தவறுதான்.

அடுத்தது தமிழக அரசின் முதலமைச்சர் மாநில இளைஞர் விருது. 15 முதல் 35 வயது வரை; சுதந்திர தினத்தன்று தருகிறார்கள்; ஒரு லட்சம் ரூபாய், பதக்கம், சான்றிதழ். முப்பத்தைந்து வயதுக்காரர்களோடு இவள் போட்டியிடுவது நியாயமா என்று அக்கா இன்னும் முணுமுணுக்கிறாள்.

சேவைக்குச் சான்று வேண்டுமே! புகைப்படம் எடுக்கும் பழக்கமே இவளுக்கு இல்லை. கடைசியில் கைகொடுத்தது, புத்தகம் கொடுத்ததையும் திரும்ப வாங்கியதையும் எழுதி வைத்த நோட்டு. புளிக்கறை படிந்த அட்டை, பென்சிலில் பிள்ளைகளின் கோணல் கையெழுத்து, "மழையில் நனைந்தது, மன்னிக்கவும் அக்கா" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. பக்கம் பக்கமாக நகலெடுத்து இணைத்தோம்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். அவளோ நகலெடுக்க வாங்கிய நோட்டு எப்போது திரும்பக் கிடைக்கும் என்றுதான் கேட்கிறாள்; மூன்று புத்தகங்கள் இன்னும் வரவேண்டியிருக்கிறதாம்.