மெசலமைனை நிறுத்திவிட்டு புரோபயாடிக் மட்டும் போதுமா?

குமரன்:
தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் உட்சுவரில் அழற்சியும் புண்ணும்). அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் தினம் 2.4 கிராம், ரத்தம் போவது நின்றுவிட்டது. மருந்துக்கடையில் ஒரு புரோபயாடிக் (உயிருள்ள நல்ல கிருமி) கேப்சூலைக் கொடுத்து, இதுவும் தயிரும் போதும் என்கிறார்கள். மெசலமைனைக் குறைக்கலாமா?

செல்வி:
குறைக்காதீங்க சார். புரோபயாடிக்கில் எந்த ஸ்ட்ரெயின் (கிருமியின் உள்வகை), எவ்வளவு என்பதுதான் கணக்கு. நோய் அடங்கியபின் மெசலமைனோடு நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தவற்றில் ஒன்று ஈ.கோலி நிஸில் 1917 என்ற ஸ்ட்ரெயின். முதல் உலகப்போரில், சீதபேதி தொற்றாத ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஆல்ஃபிரட் நிஸில் பிரித்தெடுத்தது. 2004இல் வந்த ஆய்வில் 327 பேர், 12 மாதம். விதிப்படி முடித்தவர்களில் நிஸில் எடுத்த 36.4% பேருக்கும் மெசலமைன் எடுத்த 33.9% பேருக்கும் நோய் திரும்பியது. ஆனால் அங்கே மெசலமைன் தினம் 1.5 கிராம்தான், உங்க தம்பி எடுப்பது 2.4. கடை கேப்சூலில் இருப்பது பெரும்பாலும் லாக்டோபேசிலஸ் கலவை, இல்லையென்றால் பேசிலஸ் கிளாசி. இந்த முடிவு அவற்றுக்குப் பொருந்தாது.

ரஹீம்:
அளவையும் பாருங்க. VSL#3 என்ற எட்டு ஸ்ட்ரெயின் கலவையை இந்தியாவில் 12 வாரம் சோதித்தபோது (2009) ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி கிருமிகள், தினம் இரண்டு வேளை. 45,000 கோடி சாஷே என்றால் வேளைக்கு எட்டு! அதிலும் வழக்கமான மருந்தைத் தொடர அனுமதித்துத்தான். 2016க்குப் பிறகு அந்தப் பழைய பிராண்டு பெயரில் வருவது வேறு தயாரிப்பு. பெயரை நம்பி வாங்காதீங்க. சூடான பாலில் கலந்தால் கிருமி செத்துவிடும், ஆறிய தண்ணீரோ தயிரோ போதும்.

க்ரோன்ஸ் நோய்க்கு (குடலின் எந்தப் பகுதியிலும் வரக்கூடிய இன்னொரு அழற்சி நோய்) இவை பலன் தந்ததாகச் சொல்ல முடியாது. பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலிலேயே உள்ளே பை அமைத்தவர்களுக்குக் கதை வேறு: 2000ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வில் இதே கலவை எடுத்த 20 பேரில் 3 பேருக்கே பை அழற்சி திரும்பியது, வெற்று மருந்து எடுத்த 20 பேருக்கும் திரும்பியது.

குமரன்:
பெட்டியில் சாக்கரோமைசஸ் பௌலார்டி என்று இருக்கிறது. கூடவே கொடுக்கலாமா? தயிர்?

செல்வி:
அது ஈஸ்ட். கழுத்து ரத்தக்குழாயில் லைன் போட்டவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம். ஸ்டீராய்டு, அசதயோப்ரின் போல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது ஓடுகிறதென்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க. தயிர் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடலாம், அது உணவு. மோர்க்குழம்பாகக் கொதித்தபின் அதில் உயிருள்ள கிருமி மிஞ்சாது.

எது சேர்த்தாலும் முதலில் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பாருங்க, 12 வாரம் கழித்து மறுபடி பாருங்க. ரத்தம் இல்லாவிட்டாலும் கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் உள்ளே புண் கிளம்புகிறது என்று எடுத்துக்கொண்டு அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்க.