அக்கா மகனுக்கு மனநல சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். அக்கா மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல் என்று தனியார் ஆஸ்பத்திரியில் பத்து நாளாகப் படுத்திருக்கிறான். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரி. இப்போதுதான் டாக்டர், பதற்ற நோயாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்!

அத்தானோ, சொரிமுத்தையனார் கோயிலுக்குக் கூட்டிப் போனால் போதும் என்கிறார். போகட்டும், வைத்தியமும் நடக்கட்டுமே.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம் என்றிருக்கிறேன். உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால் பெரியவர்கள் வார்டிலேயே போட்டுவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். 2017 மனநலச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே என்றால் தனி இடம், கூடவே வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும். நடைமுறையில் எப்படி? இந்த வயதுப் பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்க்கும் டாக்டர் யாராவது திருநெல்வேலியில் இருந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அதுவரை அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் அவனைப் பேச வைக்கப் பார்க்கிறேன்.